கண்டுக்காம விட்டா போயிடுவாங்களா? குரூப்ல வம்பு பண்றவங்கள என்னதான் செய்யிறது

கேள்வி சுருக்கமா இதுதான்: வானம் பாக்குறதுல ஆர்வம் உள்ளவங்களுக்கு ஒரு குரூப், ஆறாயிரம் பேருக்கு மேல, அட்மின் மூணு பேர். அதுல ரெண்டு பேரால நிம்மதி போச்சு. ஒருத்தர், புதுசா வர்றவங்க எது போட்டாலும் நக்கல். இன்னொருத்தர் கெட்ட வார்த்தை ஒண்ணு கூட பேசாம ரொம்ப மரியாதையா கேள்வி மேல கேள்வியா கேட்டே சாகடிக்கிறார். பழைய மெம்பர்ஸ் "கண்டுக்காம விடுங்க, தானா போயிடுவாங்க"ங்கிறாங்க, பேன் பண்ணலாம்னா கருத்து சுதந்திரம்னு சண்டைக்கு வர்றாங்க, நக்கல் பார்ட்டிய ஏற்கனவே ஒரு தடவ தூக்கி ஃபேக் ஐடில திரும்ப வந்தாச்சு. இப்ப என்ன பண்றது?

நான் ரெண்டு மூணு குரூப்ல வருஷக்கணக்கா மாடரேட்டரா இருக்கேன், கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

முதல்ல இந்த "கண்டுக்காம விடுங்க". இன்டர்நெட்ல ட்ரோல் பத்தி சொல்ற அறிவுரையிலயே இதுதான் ரொம்ப பழசு, யூஸ்நெட்னு வெப்சைட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்த விவாத குரூப் காலத்துல இருந்து ஓடிட்டிருக்கு. முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது, உங்க சொந்த போஸ்ட்ல எவனோ வந்து வம்புக்கு இழுக்குறான்னா வாய கொடுக்காம இருக்கறது பல நேரம் புத்திசாலித்தனம்தான். ஆனா குரூப் நடத்துறவர் இத ஒரு கொள்கையா வச்சுக்க முடியாது, ஏன்னா கண்டுக்காம இருக்கற அந்த வேலைய அடி வாங்குறவங்க தலையிலயே கட்டிட்டு நாம ஹாயா உக்காந்துடுறோம்.

உங்க குரூப் மாதிரியே ஒரு இடத்துல நடக்கறத சொல்றேன் பாருங்க. ஒரு அம்மா புதுசா சேந்து, போன் கேமராவ பைனாகுலர் மேல வச்சு எடுத்த நிலா படத்த போடுறாங்க. கை ஆடியிருக்கு, ஓரமெல்லாம் மங்கல், கீழ "முதல் முயற்சி, எப்படி இருக்குன்னு சொல்லுங்க"ன்னு எழுதியிருக்காங்க. முதல் கமெண்ட்: "இதுல நிலா எங்கங்க இருக்கு? நான் டியூப் லைட்டுன்னு நெனச்சேன்". ஏழெட்டு பேர் சிரிப்பு எமோஜி போடுறாங்க. அவங்களும் சமாளிச்சு "அடுத்த தடவ நல்லா எடுக்கறேன் சார்"ங்கிறாங்க. உடனே "அடுத்த தடவ வேற இருக்கா!"ன்னு ஒருத்தர். யாரோ ஒரு நல்ல மனுஷன் "புதுசா கத்துக்கறவங்கள ஏங்க இப்படி பேசுறீங்க"ன்னு வர, "ஜோக்கு கூட புரியாதா, எதுக்கெடுத்தாலும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா எப்படி"ன்னு பதில் வர, அப்புறம் நிலாவும் இல்ல கேமராவும் இல்ல, எது ஜோக்கு எது அவமானம்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை. காலைல பாத்தா போஸ்டையே காணோம். அவங்களே டெலிட் பண்ணிட்டாங்க.

இதுல அட்மின் கண்ணுக்கு தெரியிறது சண்டை போட்ட அஞ்சாறு பேர் மட்டும்தான். தெரியாம போறது யாருன்னா, தன் போன்லயும் ஒரு சுமாரான படத்த வச்சுக்கிட்டு போடலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருந்த மத்தவங்க. அவங்க புகார் பண்ண மாட்டாங்க, குரூப்ல இருந்து வெளியேறவும் மாட்டாங்க, சும்மா எதுவும் போட மாட்டாங்க, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழிச்சு "ஏன் இங்க அதே பத்து பேர் மட்டுமே பேசிட்டிருக்கோம்"னு நீங்களே ஒரு போஸ்ட் போடுவீங்க. என்னைய கேட்டா மாடரேஷன்ங்கறதே இந்த பேசாத ஆளுங்களுக்காக செய்யிற வேலை. அவர் வேணும்னே பண்றாரா, சுபாவமே அப்படியா, திருந்துவாரா, இதெல்லாம் ரெண்டாம்பட்சம், அதுக்குள்ள போனீங்கன்னா வெளிய வர முடியாது. இந்த ஆள் பேசுனதால யார் பேசாம போனாங்க, அத மட்டும் பாருங்க. உங்க ரெண்டு கேஸையும் அத வச்சே முடிவு பண்ணலாம்.

ஏன் ஆள விட்டுட்டு நடத்தைய பாக்க சொல்றேன்னா, ட்ரோல்னு தனியா ஒரு ஜாதி இருக்குன்னு நெனச்சுக்கிட்டா கணக்கு தப்பாயிடுது. அப்படி ரசிச்சு பண்றவங்க இல்லாம இல்ல. 2014ல கனடா ஆராய்ச்சியாளர்கள் ஒரு சர்வே எடுத்து, ஆன்லைன்ல ரொம்ப பிடிச்ச வேலை என்னன்னு கேட்டப்போ 5.6% பேர் "ட்ரோல் பண்றது"ன்னே டிக் பண்ணாங்க, அவங்ககிட்ட அடுத்தவன் கஷ்டத்துல சுகம் காணுற குணம் அதிகமா இருந்துச்சு. ஆனா 2017ல ஸ்டான்ஃபோர்டும் கார்னெலும் சேந்து பண்ண ஆராய்ச்சி இன்னும் சுவாரசியம். 667 பேர கூப்பிட்டு சில பேருக்கு ஈஸியான டெஸ்ட், சில பேருக்கு கடுப்பேத்துற மாதிரி கஷ்டமான டெஸ்ட் கொடுத்து, அப்புறம் ஒரு கட்டுரைய படிச்சு கமெண்ட் போட சொன்னாங்க. சில பேருக்கு அங்க ஏற்கனவே மோசமான கமெண்ட் இருக்கற மாதிரி காட்டுனாங்க, சில பேருக்கு நார்மலான கமெண்ட். நல்ல மூடு, நல்ல சூழ்நிலைன்னா சுமார் 35% பேர் மோசமா எழுதுனாங்க. ரெண்டும் கெட்டுப்போனா 68%. அதாவது உங்கள மாதிரி என்னைய மாதிரி ஆளுங்கதான். அதே ஆராய்ச்சில சிஎன்என் செய்தி சைட்டோட பழைய கமெண்டுகள அலசுனதுல, மோசம்னு ஃப்ளாக் ஆனதுல நாலுல ஒண்ணு அதுவரைக்கும் ஒரு தப்பும் பண்ணாதவங்க போட்டது. ராத்திரி நேரத்துல இது கூடுதுன்னும் கண்டுபிடிச்சாங்க, அதுக்கு ஆராய்ச்சியே தேவையில்ல, எந்த அட்மின கேட்டாலும் சொல்லுவாங்க.

இதுல இருந்து உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னா, முதல் ரெண்டு மூணு கமெண்ட்தான் த்ரெட்டோட, அதாவது ஒரு போஸ்டுக்கு கீழ ஓடுற பேச்சோட, தலையெழுத்து. அந்த டியூப் லைட் கமெண்ட பத்து நிமிஷத்துல தூக்கியிருந்தா மிச்சம் எதுவுமே நடந்திருக்காது, சிரிப்பு எமோஜி போட்ட அந்த ஏழெட்டு பேரும் "லென்ஸ அப்படியே நேரா பிடிங்க, போன ஸ்டாண்டுல வைங்க"ன்னு சொல்லியிருப்பாங்க, அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல. நாப்பது கமெண்ட் வந்ததுக்கு அப்புறம் நீங்க நீதிபதி மாதிரி உள்ள போனா ரெண்டு பக்கமும் உங்களத்தான் திட்டும். அந்த கட்டத்துல கமெண்ட ஆஃப் பண்ணிட்டு "காலைல பாக்கலாம்"னு போயிடறதே மேல், யாரு சரி யாரு தப்புன்னு ராத்திரி ஒரு மணிக்கு தீர்ப்பு சொல்லி ஒரு குரூப்பும் உருப்பட்டதில்ல.

அடுத்து ரூல்ஸ். பெரும்பாலான குரூப்ல ரூல்ஸ் இருக்கும், எங்கயோ அபவுட் பக்கத்துல தூங்கிட்டிருக்கும், யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. கண்ணுல படுற இடத்துல வைங்க. ரெடிட்ங்கற பெரிய விவாத சைட்டோட அறிவியல் பகுதில இத சோதனையாவே பண்ணி பாத்தாங்க, 2019ல வெளியாச்சு: விவாதத்துக்கு மேலயே ரூல்ஸ பின் பண்ணி வச்சதுல புதுசா வர்றவங்க ரூல்ஸ மதிக்கிறது 8 சதவீதப் புள்ளிக்கு மேல கூடுச்சு, அதோட புதுசா வந்து பேசுறவங்க எண்ணிக்கையும் சராசரியா 70% கூடுச்சு. கட்டுப்பாடு போட்டா ஆளு ஓடிடும்னு பயப்படுறவங்க இந்த ரெண்டாவது நம்பர ஒரு தடவ நல்லா பாத்துக்கங்க. ரூல்ஸ் எழுதும்போது "நாகரிகமா நடந்துக்கவும்"னு மட்டும் எழுதுனா பிரயோஜனம் இல்ல, நக்கல் பார்ட்டி தன்ன உலகத்துலயே நாகரிகமான ஆளுன்னுதான் நெனச்சிட்டிருப்பார். "முதல் முயற்சின்னு போட்ட படத்துல, எப்படி இன்னும் நல்லா எடுக்கலாம்னு சொல்ற கமெண்ட் மட்டும். கிண்டல் தூக்கப்படும்"னு எழுதுங்க. சண்டை எங்க வருதோ அங்க கைய வச்சு எழுதணும்.

கமெண்ட தூக்குனா ஏன் தூக்குனீங்கன்னு ஒரு வரி சொல்லிடுங்க, சத்தமில்லாம தூக்கிட்டு போகாதீங்க. காரணம் சொல்லி நீக்குனா அந்த ஆள் அடுத்து போடுறது நீக்கப்படுற வாய்ப்பு குறையுதுன்னு ரெடிட்ல லட்சக்கணக்கான போஸ்ட வச்சு பாத்த ஆராய்ச்சி இருக்கு. நக்கல் பார்ட்டிக்கு நான்னா தனியா இப்படி அனுப்புவேன்: "வணக்கம் சார். நிலா படத்துல நீங்க போட்ட கமெண்ட எடுத்துட்டேன். புதுசா வர்றவங்க படத்த கிண்டல் பண்ணக்கூடாதுங்கறது ரூல். எக்ஸ்போஷர் பத்தி நீங்க போன மாசம் எழுதுனது நல்லா இருந்துச்சு, அந்த மாதிரி எழுதுங்க. திரும்ப இதே நடந்தா ஒரு வாரம் ம்யூட் பண்ற மாதிரி இருக்கும்." அவ்வளவுதான். "நீங்க ஒரு ட்ரோல்", "உங்க புத்தியே இப்படித்தான்" இதெல்லாம் வேணாம். நல்லா எழுதுறார்ங்கறது உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க, சும்மா ஐஸ் வச்சா கண்டுபிடிச்சிடுவார். பாதிக்கு பாதி கேஸ் இந்த மெசேஜோட முடிஞ்சிடும், ஏன்னா இவர்கள்ல நிறைய பேருக்கு தான் பண்றது அடுத்தவங்களுக்கு எப்படி தெரியுதுன்னே தெரியாது, லைக் வருது, அதனால பண்றாங்க. முடியலன்னா சொன்ன மாதிரி ம்யூட், அப்புறம் பேன். சொன்னத செய்யணும், அது முக்கியம். மூணு தடவ "லாஸ்ட் வார்னிங்" கொடுக்குற அட்மின எவனும் மதிக்க மாட்டான்.

இப்ப ரெண்டாவது ஆள், மரியாதைக்காரர். இவர்தான் உண்மையிலயே கஷ்டம், நக்கல் அடிக்கிறவர் இவருக்கு முன்னாடி குழந்தை. நிலாவுக்கு மனுஷன் போனதுக்கு என்ன ஆதாரம்னு கேப்பார், நீங்க எடுத்து கொடுப்பீங்க, "நன்றி ஐயா, ஆனா இத வெளியிட்டவங்கள எப்படி நம்புறது? தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்"ம்பார், அதுக்கும் சொல்லுவீங்க, அடுத்த நாள் வேற த்ரெட்ல முதல் கேள்விய புதுசா கேக்குற மாதிரி மறுபடியும் கேப்பார். யாராவது பொறுமை இழந்து கத்துனா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "பாருங்க, கேள்வி கேட்டதுக்கு இப்படியா"ன்னு போடுவார். கெட்ட வார்த்தைய வச்சு தேடுனா அவர் சுத்தம், மாட்டுறது நீங்கதான். இங்க அவர் மனசுல என்ன இருக்குன்னு ஆராயவே ஆராயாதீங்க. விக்கிப்பீடியா ஆங்கிலத்துல ஒரு விதி வச்சிருக்காங்க, ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துல மூணு தடவைக்கு மேல மத்தவங்க பண்ண மாற்றத்த அழிச்சு பழையபடி ஆக்கக்கூடாது, மீறுனா பிளாக். நீங்க சொல்றது சரியா தப்பாங்கற பேச்சே அங்க எடுபடாது, எண்ணிக்கைதான். (அப்பட்டமான நாசவேலைய அழிக்கிறது மாதிரி சிலதுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.) அதே மாதிரி நீங்களும் எண்ணக்கூடிய விதி போடுங்க: ஒரு கேள்விக்கு பதில் வந்தாச்சுன்னா அதே கேள்விய வேற த்ரெட்ல கொண்டு வரக்கூடாது, திருப்தி இல்லன்னா தன் பேர்ல தனி போஸ்ட் போட்டு அங்க வச்சுக்கலாம், வாரத்துக்கு ஒண்ணு. பேச உரிமைய நீங்க பறிக்கல, அடுத்தவங்க வீட்டு திண்ணைய அவர் பிடிச்சுக்கறத மட்டும் நிறுத்துறீங்க. தனி போஸ்ட்ல யாரும் வரலன்னா அவர் சீக்கிரமே சோர்ந்துடுவார், உண்மையா தெரிஞ்சுக்க வந்தவர்னா அந்த ஒரு போஸ்ட்லயே அவருக்கு பதில் கிடைச்சிடும்.

ஃபேக் ஐடி விஷயத்துக்கு வர்றேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், வெறியோட வர்ற ஆள நூறு சதவீதம் தடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் அவருக்கு வேலைய ஜாஸ்தி பண்ணத்தான் முடியும். புதுசா சேந்தவங்களோட முதல் சில போஸ்டுக்கு அப்ரூவல் வைங்க. ஃபேஸ்புக் குரூப்னா சேரும்போது மூணு கேள்வி கேக்கலாம், டெலிகிராம் டிஸ்கார்ட் ரெண்டுலயும் ஸ்லோ மோட் இருக்கு, டெலிகிராம்ல ஒரு மெசேஜுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் வரைக்கும், டிஸ்கார்ட்ல ஆறு மணி நேரம் வரைக்கும் இடைவெளி வைக்கலாம். இந்த இடைவெளி சின்ன விஷயம் இல்ல. ட்விட்டர்ல ஒரு பரிசோதனை பண்ணாங்க, மோசமா எழுதி அனுப்ப போறவங்ககிட்ட "இன்னொரு தடவ பாத்துட்டு அனுப்புறீங்களா"ன்னு மட்டும் கேட்டதுக்கு 9% பேர் அனுப்பவே இல்ல, 22% பேர் மாத்தி எழுதுனாங்க. நார்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தோட டெக் சைட்ல 2017ல இன்னொரு வழி பண்ணாங்க, கட்டுரைல இருந்து மூணு கேள்விக்கு சரியா பதில் சொன்னாத்தான் கமெண்ட் பாக்ஸே திறக்கும். படிக்காம திட்ட வர்றவனுக்கு பரீட்சை. எனக்கு ரொம்ப பிடிச்ச ஐடியா, ஆனா சின்ன குரூப்ல நடக்கற காரியமில்ல.

திரும்ப வந்தது அவர்தான்னு உறுதியா தெரிஞ்சா அமைதியா தூக்குங்க, "பழைய ஆள் புது வேஷத்துல வந்திருக்கார், எல்லாரும் பாருங்க"ன்னு போஸ்ட் போடாதீங்க, அவருக்கு வேண்டியதே அந்த போஸ்டுதான். சந்தேகம் மட்டும்னா விட்டுடுங்க, புது ஐடில ஒழுங்கா நடந்துக்கிட்டா நமக்கு என்ன வந்துச்சு? இன்னொரு வழி இருக்கு, அவர் போடுறது அவருக்கு மட்டும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது, பேன் ஆனதே தெரியாம காத்துல பேசிட்டிருப்பார். ரெடிட் இத ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு, 2015ல நிஜ ஆளுங்களுக்கு வெளிப்படையா சஸ்பெண்ட் பண்ற முறைக்கு மாறுனாங்க. ஸ்பேம் போடுற தானியங்கி ப்ரோக்ராமுக்கு ஓகே, மனுஷங்களுக்கு இத பண்றது எனக்கு பிடிக்கல, கண்டுபிடிச்ச அன்னைக்கு ரெண்டு மடங்கு கோவத்தோட வருவாங்க, மத்த மெம்பர்ஸுக்கும் "என் போஸ்ட் யாருக்காவது தெரியுதா"ன்னு சந்தேகம் வந்துடும்.

எல்லாரும் நிஜப்பேர்ல வரணும்னு வச்சா சரியாயிடுமேன்னு யாராவது சொல்லுவாங்க பாருங்க. தென் கொரியா ஒரு நாடாவே இத பண்ணி பாத்துச்சு. 2007ல இருந்து பெரிய சைட்டுகள்ல அடையாளத்த சரிபாத்துட்டுத்தான் எழுத விடணும்னு சட்டம். 2011ல ஒரு பெரிய ஹேக்கிங்ல 3.5 கோடி பேரோட விவரம் வெளிய போச்சு, 2012ல அவங்க அரசியல் சாசன நீதிமன்றம் அந்த சட்டத்தையே ரத்து பண்ணிடுச்சு, மோசமான பதிவு பெருசா குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லன்னு. நிஜப்பேர்ல, ப்ரொஃபைல்ல குடும்ப போட்டோ வச்சுக்கிட்டே வாய்க்கு வந்தபடி பேசுறவங்கள நாம தினமும் பாக்கத்தானே செய்யிறோம். பேர மறைச்சுக்கிட்டாத்தான் வாய திறக்க முடியும்ங்கற நிலைமைல இருக்கறவங்களத்தான் அது முதல்ல விரட்டும்.

கெட்ட வார்த்தை ஃபில்டர் வைங்க, ஆனா அத நம்பி தூங்க போயிடாதீங்க. 1996ல இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்ங்கற ஊர்க்காரங்களால ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனில அக்கவுண்டே திறக்க முடியல, ஏன்னா அவங்க ஊர் பேருக்கு நடுவுல ஒரு கெட்ட வார்த்தை இருக்கு. தமிழ்லயும் அதே கதிதான், "மயிர்"ல ஆரம்பிக்கிற எல்லாத்தையும் ஃபில்டர்ல போட்டீங்கன்னா மயிரிழையில தப்பிச்சேன்னு எழுதுனவனும் போவான், "மயிர்நீப்பின்"னு ஆரம்பிக்கிற 969ஆவது குறள போட்டவரும் போவார். திட்டுறவனோ இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல புள்ளி வச்சு, நாலு விதமா ஸ்பெல்லிங் மாத்தி போட்டுட்டு ஜாலியா போயிட்டிருப்பான். ஃபில்டர்ல மாட்டுனத நேரா டெலிட் பண்ணாம அப்ரூவலுக்கு அனுப்புற மாதிரி வச்சுக்கறதுதான் நல்லது.

கருத்து சுதந்திரம்னு வர்றவங்களுக்கு நீளமா விளக்கம் எழுதி நேரத்த வீணாக்காதீங்க. உங்க குரூப்ல பேச முடியலன்னா அவர் வாய அடைச்சதா அர்த்தம் இல்ல, அவர் பக்கத்துல அவர் எழுதிக்கலாம். பேன் பண்ணா வேற இடத்துல போயி இன்னும் மோசமா பண்ணுவாங்கங்கற வாதத்துக்கு மட்டும் ஒரு தகவல்: 2015ல ரெடிட் ரெண்டு வெறுப்பு குரூப்ப மூடுனப்போ நெறைய பேர் சைட்ட விட்டே போயிட்டாங்க, ரெடிட்லயே தங்குனவங்க வெறுப்பு பேச்சு 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுன்னு 2017ல ஆராய்ச்சி வந்துச்சு. போனவங்க வேற எங்கயோ பேசியிருக்கலாம், அது உண்மைதான். ஆனா அவங்க இருந்த இடம் தேறுச்சு.

இதெல்லாம் ட்ரோலுக்கு. மிரட்டல், ஒருத்தரோட அட்ரஸ் போன் நம்பர வெளிய விடுறது, படத்த மார்ஃப் பண்றது, இதெல்லாம் ட்ரோலே இல்ல, குற்றம். அங்க வார்னிங் மெசேஜ் எதுவும் கிடையாது. முதல்ல தேதியும் லிங்க்கும் தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் டெலிட், உடனே பேன், பிளாட்ஃபார்முக்கு ரிப்போர்ட், பாதிக்கப்பட்டவங்ககிட்ட ஆதாரத்த கொடுத்து போலீஸுக்கு போறதா இருந்தா கூட நிக்கிறோம்னு சொல்லணும். அவசரத்துல முதல்ல டெலிட் பண்ணிட்டா அப்புறம் காட்ட ஒண்ணும் இருக்காது.

உங்க மூணு பேர பத்தியும் ஒரு வார்த்தை. ஆறாயிரம் பேருக்கு மூணு பேர் பத்தாது. 2020ல ஃபேஸ்புக் தன்னோட மாடரேட்டர்ஸ் மனநலம் பாதிக்கப்பட்ட வழக்குல 5.2 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு, அவங்க சம்பளத்துக்கு பாத்தவங்க, நீங்க சும்மா பாக்குறவங்க. பேன் ஆனவங்க இன்பாக்ஸ்ல வந்து திட்டுவாங்க, அதுக்கு யாரும் தனியா பதில் சொல்லாதீங்க, மூணு பேருக்கும் பொதுவா ஒரு அட்மின் ஐடி வச்சு அதுல இருந்து மட்டும் பேசுங்க. யார என்ன காரணத்துக்கு எப்ப என்ன பண்ணோம்னு ஒரு ஷீட்ல எழுதிட்டே வாங்க, ஏன்னா "அவன மட்டும் விட்டுட்டு என்னைய ஏன் தூக்குனீங்க"ன்னு கண்டிப்பா ஒருத்தர் வருவார், சில நேரம் அவர் கேக்கறதுல நியாயமும் இருக்கும். புது மாடரேட்டர் தேடும்போது தினமும் சண்டைல முன்னாடி நிக்கிறவர எடுக்காதீங்க, புதுசா வந்தவங்களுக்கு பொறுமையா பதில் சொல்லிட்டிருக்கறவர் யாருன்னு பாத்து அவர கேளுங்க, பெரும்பாலும் முடியாதுன்னுதான் சொல்லுவார், இன்னொரு தடவ கேளுங்க.

உங்க கேஸுக்கு இந்த வாரம் நான்னா இந்த வரிசைல பண்ணுவேன்: அந்த கிண்டல் ரூல எழுதி மேல பின் பண்ணிட்டு, நக்கல் பார்ட்டியோட இப்ப இருக்கற ஐடிக்கு நான் மேல சொன்ன மெசேஜ். ஏற்கனவே பேன் ஆனவர்தானேன்னு கேப்பீங்க, போன தடவ காரணம் சொல்லாம தூக்கியிருந்தீங்கன்னா இதுதான் அவருக்கு முதல் வார்னிங், சொல்லித்தான் தூக்குனீங்கன்னா மெசேஜ் எல்லாம் வேணாம், அந்த ஐடியையும் எடுத்துடுங்க. மரியாதைக்காரருக்கு அவசரமில்ல, "தனி போஸ்ட்" விதிய எல்லாருக்கும் பொதுவா அறிவிச்சுட்டு, அடுத்த தடவ அவர் பழைய கேள்விய கொண்டு வரும்போது அந்த விதிய காட்டுங்க, வேற ஒரு வார்த்தை பேசாதீங்க. அப்புறம் நிலா படத்த டெலிட் பண்ணிட்டு போன மாதிரி யாராவது உங்க குரூப்லயும் இருப்பாங்க, அவங்களுக்கு தனியா ஒரு மெசேஜ் போட்டு மறுபடியும் போட சொல்லி கேளுங்க, போட்டா முதல் கமெண்ட் உங்களுதா இருக்கட்டும்.